நினைவஞ்சலி போஸ்டரில் சிரிக்கிற படம் போடலாமா?

பொன்மலைப்பொண்ணு | பதிவு 1

வணக்கம். நான் சமையல் பகுதியை மட்டும் எட்டிப் பாத்துட்டுப் போற ஆளு. இன்னைக்கு வேற விஷயம்.

அப்பா போய் அடுத்த மாசத்தோட ஒரு வருஷம் ஆகுது. வருஷத் திதிக்குப் போஸ்டர் அடிக்கிறதுல எனக்கும் தம்பிக்கும் சண்டை. அவன் எடுத்து வச்சிருக்கிறது கோட்டுப் படம். கல்யாணமான புதுசுல பாலக்கரையில ஒரு ஸ்டூடியோவுல எடுத்தது. கோட்டு அப்பாவோடது இல்ல, ஸ்டூடியோக்காரரோடது. தொளதொளன்னு இருந்ததால முதுகுப் பக்கம் துணி கிளிப்பு மாட்டி இறுக்கியிருந்தாங்களாம். "மூச்சு விட்டா கிளிப்பு தெறிச்சிரும். அதான் அப்படி முறைச்சுக்கிட்டு நிக்கிறேன்"னு அப்பாவே சொல்வார். அந்த முகத்தை எங்க வீட்டுல யாரும் நேர்ல பாத்ததில்ல.

நான் போடச் சொல்ற படம் 2017ல குன்னூர் ஸ்டேஷன்ல என் சின்ன மக செல்போன்ல எடுத்தது. பல் செட்டைக் கழட்டிட்டார். கண்ணு ரெண்டும் இடுங்கி, ஈறு தெரிய சிரிக்கிறார். பின்னாடி எஞ்சின் புகை.

தம்பி சொல்றான், "செத்தவர் போஸ்டர்ல ஈறைக் காட்டிக்கிட்டு நின்னா ஊர் சிரிக்கும்"னு. "ஊர் சிரிக்கணும்னுதானேடா அவரு எண்பத்தஞ்சு வருஷம் பாடுபட்டாரு"ன்னேன். போனை வச்சுட்டான்.

உங்க வீடுகள்ல என்ன செஞ்சீங்க?


உறையூரான் | பதிவு 2

தம்பி சொல்றதுதான் சரி. வீட்டுக் கூடத்துல எந்தப் படத்தை வேணும்னாலும் மாட்டிக்கலாம். போஸ்டர் தெருவுக்கு. டீக்கடைச் சுவத்துல, கட்சி போஸ்டருக்கும் காதுகுத்து போஸ்டருக்கும் நடுவுல ஒட்டப் போறாங்க. அப்பாவைத் தெரியாதவன் பாத்தா, யாரோ லாட்டரி அடிச்சவர்னு நினைப்பான். மரியாதைன்னு ஒண்ணு இருக்கும்மா.


வடமராட்சியான் | பதிவு 3

அக்கா, எங்கட பக்கம் 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு எண்டு ஒரு புத்தகம் அடிப்பினம். முதல்ல திதி வெண்பா, பிறகு தேவாரம் திருவாசகம், பிறகு செத்தவரின்ர வாழ்க்கை வரலாறு, கடைசியில மருமக்கள், பேரப்பிள்ளையள் புலம்பல். எங்கட அப்பப்பாவின்ர கல்வெட்டை வாசிச்சால் அவர் ஒரு முனிவர் எண்டுதான் நினைப்பியள். மனுசன் பின்னேரத்தில கள்ளுக் குடிச்சுப் போட்டு, வேலிக்கு மேலால தலையை நீட்டி எங்கட அப்பம்மாவைப் பகிடி பண்ணிக் கூத்துப் பாட்டுப் பாடினவர். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இப்ப அந்தப் பாட்டு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. வெண்பா மட்டும் பத்திரமாய் இருக்கு.

சிரிக்கிற படத்தையே போடுங்கோ. அதோட அவர் விட்ட பகிடியளையும் எங்கயாவது எழுதி வையுங்கோ. இஞ்சயே எழுதுங்கோவன்.


பொன்மலைப்பொண்ணு | பதிவு 4

கேட்டுட்டீங்க. இனி நிறுத்த முடியாது.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்புல ஃபிட்டர். தாத்தா காலத்துல அந்த ஒர்க் ஷாப் நாகப்பட்டினத்துல இருந்துச்சு. 1928 வாக்கில பொன்மலைக்கு மாத்தினப்ப மிஷினோட மிஷினா தாத்தாவும் வந்து சேந்தார். "நம்ம குடும்பமே லக்கேஜ்ல வந்த குடும்பம்"னு அப்பா சொல்வார். ஒர்க் ஷாப் சங்கு ஊதினா அதை வச்சுத்தான் எங்க தெருவுல உலை வைப்பாங்க. சங்கு ஊதி முடிக்கிறதுக்குள்ள சைக்கிள்ல ஏறணும்கிறது அப்பாவோட பந்தயம். யாரோட பந்தயம்னா சங்கோடதான்.

பேரன் பேத்தி ஏழு பேருக்கும் ரயில் பேரு. என் மூத்தவன் ராக்போர்ட். குழந்தையில ராத்திரி முழுக்க முழிச்சிருந்து விடியும்போதுதான் தூங்குவான். அடுத்தவன் சோழன், பகல் வண்டி. சின்னவ பாசஞ்சர். சாப்பாட்டுத் தட்டோட கிளம்பினா ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலயும் நின்னு நின்னுதான் போவா. தம்பி மகன் கூட்ஸு. எப்ப வருவான், எங்க நிப்பான், ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைங்க வீல்னு கத்தினா, "சிக்னல் விழல போல"ன்னு துண்டை எடுத்து ஆட்டுவார். அழுகை நிக்காது. ஆனா அழுகைக்கு நடுவுல சிரிப்பு வந்துரும், அதுங்களுக்கு அது பெரிய அவமானம்.

1997ல 58 வயசு முடிஞ்சு ரிட்டயர் ஆனார். மறு வருஷமே மத்திய அரசு வேலையில ரிட்டயர்மெண்ட் வயசை 60 ஆக்கினாங்க. கூட இருந்தவங்க ரெண்டு வருஷச் சம்பளம் போச்சேன்னு இவருக்காகப் புலம்பினாங்க. இவர், "நான் எப்படா கிளம்புவேன்னு டெல்லியில காத்துக்கிட்டு இருந்திருக்காங்கய்யா"ன்னு பேப்பரைக் காட்டித் தெருவெல்லாம் சொல்லிட்டு வந்தார்.

போஸ்டர்னா அவருக்குத் தனிப் பிரியம். நடந்து போகையில நின்னு படிப்பார். "தோற்றம்னு போட்டுட்டுத் தேதி எழுதியிருக்கான் பாரு. தோற்றம்னா கறுப்பு, குள்ளம், முன் வழுக்கைன்னுல்ல எழுதணும்? மறைவுன்னா எங்கே போய் மறைஞ்சாருன்னு போடணும், கடன் கொடுத்தவன் தேடுவான்ல?" இப்ப தம்பி அனுப்பின டிசைன்ல தோற்றம், மறைவுன்னு பாத்ததும் எனக்கு அழுகை வரல. அந்த ஜோக்குதான் வந்துச்சு.

ஜோக்கே சொல்லாத நாள் ஒண்ணு உண்டு. செப்டம்பர் 5. 1946ல அன்னைக்குத்தான் பொன்மலைத் துப்பாக்கிச் சூடு, அஞ்சு தொழிலாளிங்க செத்தாங்க. அப்பாவுக்கு அப்ப ஏழு வயசு. சுட்ட சத்தம் கேட்டு பாட்டி இவரைக் கட்டிலுக்கு அடியில தள்ளினதா சொல்வார். வருஷா வருஷம் அந்த நாள்ல அஞ்சலிக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்து பேசாம சாப்பிட்டுப் படுத்துருவார். அன்னைக்கு வீடு வீடாவே இருக்காது.

எல்லாரும் அவரைக் கொண்டாடுறாங்கன்னு நானும் கொண்டாடி மட்டும் எழுதினா அம்மா விடாது. அம்மாவுக்கு அவ்வளவா சிரிப்பு வராது. "வீட்டுல ஒருத்தர் சிரிச்சா இன்னொருத்தர் கணக்குப் பாக்கணும்ல"னு சொல்லும். எனக்கும் ஒரு வருத்தம் உண்டு. ஒன்பதாவதுல நான் கணக்குல 28 மார்க். அப்பா ஜாங்கிரி வாங்கிட்டு வந்து, "என் மக நூத்துக்கு இருபத்தெட்டு"ன்னு அக்கம் பக்கம் கொடுத்தார். என் அழுகையை லேசாக்கத்தான் செஞ்சிருக்கார். எனக்கு அது செருப்படி. ஒரு மாசம் பேசல. அதுக்கப்புறம் எங்க யாரோட மார்க்கைப் பத்தியும் அவர் வாயைத் திறந்ததில்ல, நல்ல மார்க் வாங்கினப்பவும்.


கீரைக்கட்டு | பதிவு 5

படிக்கப் படிக்க மனசு கனத்துப் போச்சு. இவ்வளவு சிரிக்க வைக்கிறவங்க உள்ளுக்குள்ள பெரிய சோகத்தை வச்சிருப்பாங்க. சிரிப்பு அவங்களுக்கு ஒரு முகமூடி. உங்கப்பா அந்த முகமூடிக்குப் பின்னாடி என்ன மறைச்சாரோ.


வீல்ஷாப் | பதிவு 6

அம்மா, நான் இந்தப் பக்கத்தைச் சும்மா படிக்கிறதோட சரி. இன்னைக்கு எழுதித்தான் ஆகணும். கோட்டு, கிளிப்பு, சங்கோட பந்தயம். இது வேற யாரும் இல்ல. உங்கப்பாவோட பதினெட்டு வருஷம் வேலை பாத்தவன் நான். பேர் வேண்டாம். அம்மாகிட்ட "டிபன் கேரியர் திருடன்"னு சொல்லுங்க, தெரியும்.

ஊட்டி மலை ரயில் எஞ்சினுங்க பழுது பாக்க எங்ககிட்டத்தான் வரும். எக்ஸ் கிளாஸ் எஞ்சின், சுவிட்சர்லாந்துல செஞ்சது. நாலு சிலிண்டர். ரெண்டு சாதாச் சக்கரத்தை ஓட்டும், ரெண்டு பல் சக்கரத்தை ஓட்டும். மேட்டுப்பாளையத்துல இருந்து கல்லாறு வரைக்கும் சமதளம், பல் சக்கரத்துக்கு வேலை இல்ல. கல்லாறு தாண்டினா நடுவுல பல் தண்டவாளம் வந்துரும், அதைக் கடிச்சுக் கடிச்சுத்தான் மேல ஏறும். பன்னெண்டு அடி போனா ஒரு அடி உயரம். அப்படியொரு ஏத்தம். அதனால பல்லு தேஞ்சுதான் எஞ்சின் எங்ககிட்ட வரும். உங்கப்பா அதுக்கிட்ட குந்தி உக்காந்து டார்ச் அடிச்சு, "ஆ காட்டு, ஆ காட்டு. வெத்தலை போடாதன்னு சொன்னேன்ல?"ம்பார். புதுசா சேந்த அப்ரண்டிஸ் பசங்க பயத்தோட வருவானுங்க. அதைப் பாத்துட்டுத்தான் மொத மொத சிரிப்பானுங்க. சிரிச்சவன் அதுக்கப்புறம் தெரியாததை வெக்கப்படாம கேப்பான். உங்கப்பாகிட்ட வேலை கத்துக்கிட்டவன் எவனும் அரைகுறையா போகல.

இப்ப கீரைக்கட்டு அம்மாவுக்கு ஒண்ணு. முகமூடியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. 1974 மே 8ஆம் தேதி ரயில்வே ஸ்ட்ரைக் ஆரம்பிச்சுது. நாடு பூரா 17 லட்சம் பேர். 20 நாள் நடந்து 27ஆம் தேதி முடிஞ்சுது. வேலை போனவங்க ஆயிரக்கணக்குல. அதுல நாங்களும் உண்டு. 77ல ஜனதா ஆட்சி வந்து, மது தண்டவதே மந்திரி ஆனப்பறம்தான் திரும்ப உள்ளே போனோம். நடுவுல மூணு வருஷம் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில ராத்திரி லோடு இறக்கினோம்.

மண்டியில உங்கப்பா என்ன செஞ்சார்னு கேளுங்க. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு ஆபீசர் பதவி. லாரி மேல நின்னுக்கிட்டு, "ஒர்க்ஸ் மேனேஜர் வர்றார், ஓரமா நில்லு! ஃபோர்மேன் வர்றார், அழுகின வாடை அடிக்குது, தனியா வை!"ன்னு கூவுவார். மார்க்கெட்ல பரம்பரையா மூட்டை தூக்குறவங்க எங்களைச் சேத்துக்கவே மாட்டேன்னாங்க, பொழப்புக்குப் போட்டின்னு. பத்து நாள்ல அவங்களே இவருக்குத் தலைச் சும்மாடு கட்டிவிட்டாங்க. பாரம் குறையல. முதுகு வலிச்சா "வலிக்குதுடா"ன்னு சொல்லிட்டுத்தான் அடுத்த மூட்டையைத் தூக்குவார். சிரிக்கிறதுக்கு அந்தாளுக்குக் காரணம் வேண்டியதில்ல, அவ்வளவுதான்.

அழவும் தெரியும். என் பெரிய பையன் தவறினப்ப வந்து பக்கத்துல உக்காந்தார். ராத்திரி பூரா உக்காந்திருந்தார். ஒரு ஜோக் சொல்லல. என்னோட சேந்து அழுதார். விடியக்காலையில சங்கு ஊதினப்ப எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு வேலைக்குப் போனார்.


பொன்மலைப்பொண்ணு | பதிவு 7

ஐயா, உங்க பதிவைப் படிச்சுட்டு ஒரு மணி நேரம் அடுப்பைக் கூட அணைக்காம உக்காந்துட்டேன். ரசம் வத்திப் போச்சு.

வெங்காய மண்டி எனக்குத் தெரியாது. அப்பாவுக்கு வேலை போச்சு, திரும்பக் கிடைச்சுதுன்னு மட்டும் தெரியும். எனக்கு அப்ப ஏழு வயசு. அந்த மூணு வருஷம்தான் அப்பா பகல்ல வீட்டுல இருந்த காலம், அதனால எனக்கு அது லீவு மாதிரி. மத்தியானம் தூங்கி எழுந்து சுவத்துல கையால முயல், மான், ஒர்க் ஷாப் புகைபோக்கின்னு நிழல் காட்டுவார். சாயந்திரம் ஆனா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்புவார். எங்கப்பா போறீங்கன்னா, "சினிமாவுக்கு." காலையில வரும்போது கண்ணு ரெண்டும் செவந்து தண்ணியா ஊத்தும். "சோகப் படம்மா. கதாநாயகி கடைசியில செத்துட்டா, தாங்க முடியல."

நான் நம்பினேன். தினம் தினம் எங்களை விட்டுட்டு இவர் மட்டும் சினிமாவுக்குப் போறாரேன்னு எனக்குக் கோவம். என் கல்யாணத்துக்கு அப்புறம் கூட ஒரு சண்டையில சொல்லிக் காட்டியிருக்கேன், "நீங்கதான் எங்களைக் கூட்டிட்டுப் போகாம தினம் சினிமா பாத்தவராச்சே"ன்னு. அப்பவும் சிரிச்சுக்கிட்டு, "டிக்கெட் கிடைக்கலம்மா"ன்னார்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஆமா, மண்டிக்குத்தான் போச்சு. சட்டைப் பையில நாலு வெங்காயம் கொண்டாரும். அதுக்கென்ன இப்ப? டிபன் கேரியர் திருடன் நல்லா இருக்கானா, கேளு. அந்த நாலடுக்கு கேரியரை அவன் இன்னும் திருப்பித் தரல"னுச்சு.


கீரைக்கட்டு | பதிவு 8

வீல்ஷாப் ஐயா, முகமூடின்னு எழுதினதை வாபஸ் வாங்கிக்கிறேன். சோகப் படம்னு சொன்னதைப் படிச்சு நானும் அழுதேன், வெங்காயம் இல்லாமலே.


மட்டுறுத்துநர் | பதிவு 9

74 ஸ்ட்ரைக் சரியா தப்பான்னு இங்கே நடந்த பதினோரு பதிவுகளை அரசியல் பகுதிக்கு மாத்தியிருக்கேன். உறையூரான், நீங்க ஆரம்பிச்சதுதான். இங்கே அந்த அம்மாவோட அப்பாவைப் பத்தி மட்டும் பேசுங்க.


ராக்போர்ட் | பதிவு 10

புது உறுப்பினர். பதிவு 1 எழுதினவங்களோட மகன். அம்மா லிங்க் அனுப்பிச்சாங்க. ரெண்டு விஷயம் அவங்க எழுதல.

ஒண்ணு, குன்னூர் படம் எப்படி வந்துச்சுங்கிறது. ஊட்டி ரயிலை 2005ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சப்ப தாத்தா தெருவுக்கே பால்கோவா கொடுத்தவர். ஆனா அந்த வண்டியில பயணம் போனதே இல்ல. "டாக்டர் நோயாளி வீட்டுல போய்த் தங்குவாரா?"ம்பார். 78 வயசுல வம்பா கூட்டிட்டுப் போனோம். கல்லாறு தாண்டி எஞ்சின் பல்லைப் பிடிச்சதும் கீழே கடகடன்னு ஒரு சத்தம் வரும். தாத்தா பேச்சை நிறுத்திட்டுக் காதைச் சாய்ச்சுக் கேட்டார். வாழ்க்கையில அவர் பேசாம இருந்து நான் பாத்த இருபது நிமிஷம் அதுதான். அப்புறம், "நல்லாத்தான் மெல்லுது"ன்னார்.

குன்னூரோட பல் தண்டவாளம் முடிஞ்சுரும். அங்க நீராவி எஞ்சினைக் கழட்டிட்டு டீசல் எஞ்சின் மாட்டுவாங்க, ஊட்டி வரைக்கும் அதுதான். அதைக் காட்டி எங்களுக்கு விளக்கிட்டிருந்தவர், "குன்னூர் வரைக்கும்தான்டா பல்லு. அதுக்கு மேல எதுக்கு?"ன்னு சொல்லி, செட்டைக் கழட்டிச் சட்டைப் பையில போட்டார். பாசஞ்சர் அப்ப எடுத்த படம்தான் அது. பக்கத்துல நின்ன வெளிநாட்டுக்காரம்மா பயந்தே போயிட்டாங்க.

ரெண்டாவது, நெய்ப்பந்தம். "ஏழு பேர் எனக்குப் பந்தம் பிடிக்கப் போறீங்க. கையை நேரா வச்சு இப்பவே பழகிக்கங்க. போன வாரம் ஒருத்தன் கிழவர் மீசையைப் பொசுக்கிட்டான்"னு தீபாவளிக்குத் தீபாவளி, கம்பி மத்தாப்பை எங்க கையில கொடுத்து வரிசையா நிக்க வச்சு டிரில் எடுப்பார். போன வருஷம் நிஜமாவே நின்னோம். கல்யாணச் சாவுன்னு வெடி, பறை எல்லாம் இருந்துச்சு. எனக்கு முன்னால கூட்ஸு நின்னான். அவன் பந்தம் சாய்ஞ்சுது. பின்னாடியிருந்து சோழன், "டேய், மீசை"ன்னான். ஏழு பேருக்கும் தோள் குலுங்க ஆரம்பிச்சுருச்சு. அழுறோம்னு நினைச்சு பெரியவங்க முதுகைத் தடவிக் கொடுத்தாங்க. பாதி அதுவும்தான்.


உறையூரான் | பதிவு 11

அரசியல் பகுதியில இருந்து எழுதுறேன் (சும்மா சொன்னேன்).

போஸ்டர் விஷயத்துல என் கருத்து மாறல. ஆனா நேத்து ராத்திரி ஆல்பத்தை எடுத்துப் புரட்டினேன். எங்கப்பா எல்லாப் படத்துலயும் போலீஸ் ஸ்டேஷன்ல எடுத்த மாதிரியே நிக்கிறார். கடைசிப் பக்கத்துல என் தங்கச்சி கல்யாணப் பந்தி. ஓரத்துல பாதி முகம் தெரியுது, வாயில அப்பளம். சிரிக்கிற மாதிரியும் இருக்கு, மெல்லுற மாதிரியும் இருக்கு. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தும் தீர்மானிக்க முடியல. வீட்டுக்காரி மெல்லுறார்ங்கிறா.


பொன்மலைப்பொண்ணு | பதிவு 12

எல்லாருக்கும் நன்றி. போஸ்டர் ஒட்டியாச்சு. எந்தப் படம்னு தனி மடல்ல கேட்டவங்களுக்காக நடந்ததைச் சொல்றேன்.

ராக்போர்ட் இந்த லிங்க்கைத் தன் மாமனுக்கு அனுப்பியிருக்கான். தம்பி ராத்திரி பதினொண்ணரைக்குப் போன் பண்ணினான். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "என்கிட்டயும் சினிமான்னுதான்க்கா சொன்னார்"னான். அவனுக்கு அப்ப நாலு வயசு. போஸ்டர் பத்தி அவனும் பேசல, நானும் கேக்கல. மறுநாள் அவனே குன்னூர் படத்தை அனுப்பச் சொன்னான்.

டிசைன் போடுற பையன் நல்ல பையன். நல்லது செய்றதா நினைச்சு, கம்ப்யூட்டர்ல அப்பாவுக்கு ரெண்டு வரிசை பல்லு வச்சுட்டான். வெள்ளை வெளேர்னு, பேஸ்ட் விளம்பரம் மாதிரி. அம்பது போஸ்டர் அடிச்சும் வச்சுட்டான். தம்பி கடைக்குப் போய்ப் பாத்துட்டு, ஈறு தெரியக் கூடாதுன்னு ரெண்டு மாசமா என்கிட்ட மல்லுக்கு நின்ன அதே தம்பி, "எங்கப்பாவுக்குப் பல்லு கிடையாதுய்யா, எடுய்யா அதை"ன்னு கடையில கத்தியிருக்கான். அந்த அம்பதுக்கும் காசு கொடுத்துட்டு, மறுபடி பல்லை எடுத்து அடிச்சு வாங்கிட்டு வந்தான். தோற்றம், மறைவு ரெண்டும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம். அவர் நின்னு படிச்சுச் சிரிக்க ஏதாவது வேணும்ல.

ஞாயித்துக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போற வழியில ஒரு போஸ்டர். அம்மாவை ஆட்டோவுல கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துச்சு. அழுதுருமோன்னு நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்னோம்.

"சட்டைப் பை துருத்திக்கிட்டு நிக்குது பாரு, அதான் செட்டு"ன்னுச்சு. "மூவாயிரத்து ஐநூறு ரூபா. நாலு நாள் கூட ஒழுங்கா மாட்டல."